மேல்மாடி அறை: இரவு ஒரு மணிக்கும் 34 டிகிரி. எங்கே தொடங்குவது?

#1 மேல்மாடி
அறை 3 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 3 மீட்டர். மேலே 15 செ.மீ. கான்கிரீட் தளம், அதன்மேல் சிமென்ட் பூச்சு மட்டும். நிழல் எதுவும் இல்லை. மேற்கில் ஒரு ஜன்னல், வடக்கில் ஒரு ஜன்னல். பகல் உச்சம் 41, 42 வரை போகிறது. இரவு பத்து மணிக்கு வெளியே 33க்கு இறங்கினாலும் உள்ளே 36. ஒரு மணிக்குக்கூட 34க்குக் கீழே வருவதில்லை. ஃபேன் போட்டால் அனல்தான் இறங்குகிறது. வயரிங் பழசு, ஏசி தாங்காது. கூலரா, தளத்துக்கு வெள்ளை பெயின்ட்டா, ஜன்னலுக்குத் தடுப்பா? மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. எதை முதலில் செய்யலாம்?

#2 தளக்கணக்கு
எதையும் வாங்குறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இரவல் கிடைச்சாலும் போதும். சாயங்காலம் ஆறு மணிக்கு சீலிங், நாலு சுவர், தரை எல்லாத்தையும் தனித்தனியா குறிச்சு வைங்க. விடியற்காலை அஞ்சு மணிக்கு இன்னொரு தடவை. எது ரொம்ப சூடோ அதுதான் உங்க அடுப்பு.

அளக்கும்போது ரெண்டு விஷயம் கவனிங்க. சிவப்புப் புள்ளி விழுற இடத்தை மட்டும் அது அளக்கிறதில்லை. 12:1னு போட்டிருந்தா, 1.2 மீட்டர் தள்ளி நின்னு பார்க்கிறப்போ 10 செ.மீ. வட்டத்தோட சராசரியைத்தான் காட்டும். அப்புறம், பளபளப்பான உலோகம், அலுமினியத் தாள் மேல காட்டுற எண்ணை நம்பவே கூடாது. அதுல மாஸ்கிங் டேப் ஒட்டி, கொஞ்ச நேரம் விட்டு, டேப்பை அளங்க.

#3 மேல்மாடி
அளந்துவிட்டேன். மாலை ஆறு மணி: சீலிங் 44, மேற்குச் சுவர் 40, மற்ற சுவர்கள் 36, தரை 35. காலை ஐந்து மணி: சீலிங் 36, மேற்குச் சுவர் 34, மற்றவை 33.

#4 தளக்கணக்கு
அப்போ சந்தேகமே இல்லை, சீலிங்தான்.

இதுல ஒரு சின்னக் கணக்கு இருக்கு. 15 செ.மீ. கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்கு 360 கிலோ எடை. ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 0.9 கிலோஜூல். பத்து டிகிரி ஏறின தளம் சதுர மீட்டருக்கு 0.9 யூனிட் வெப்பத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். உங்க 12 சதுர மீட்டருக்கு 10.8 யூனிட். ஒரு கிலோவாட் ஹீட்டரை சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டு விடியற வரைக்கும் ஓடவிட்ட மாதிரி.

தளத்துக்கு மேல விழுற வெயில் கீழ்ப்பக்கம் வந்து சேர நாலஞ்சு மணி நேரம் ஆகும். அதனாலதான் வெளியே வெயில் தாழ்ந்த பிறகு உள்ளே உச்சம் ஏறுது. அறைக்காற்று 34னு காட்டினாலும், மல்லாந்து படுத்தவர் உடம்புக்கு நேர் எதிரே 40 டிகிரி சீலிங் இருக்கு. காற்றை எவ்வளவு குளிர்விச்சாலும் அந்தக் கதிர்வீச்சு நேரா வந்து உடம்புல விழும். கூலர் வாங்குறதுக்கு முன்னாடி தளத்தைக் கவனிங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

#5 சுண்ணாம்புச்சட்டி
தளத்துக்கு முதல் மருந்து வெள்ளை. நடுப்பகலில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் வெயில் விழுகிறது. அழுக்கேறிய சிமென்ட் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும்.

கேனில் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. ஒன்று சூரிய ஒளியைத் திருப்பும் அளவு, 0.8க்குக் குறையக் கூடாது. மற்றொன்று வாங்கிய வெப்பத்தை வெளியே விடும் அளவு, 0.85க்கு மேல் இருக்க வேண்டும். இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை. அலுமினிய பெயின்ட் தோற்றுப்போவது அங்கேதான். பளபளவென்று ஒளியைத் திருப்பும், ஆனால் வாங்கிய கொஞ்ச வெப்பத்தை இரவில் வானத்துக்கு விடாமல் பிடித்துக்கொள்ளும்.

அடிக்கும் முறை:

முதலில் ஈரச் சோதனை. 45 செ.மீ. சதுரமான பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுத் தளத்தில் ஒட்டுங்கள். 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தாலோ கீழே தளம் கறுத்திருந்தாலோ அது இன்னும் ஈரம். அதன்மேல் அடித்தால் வெயிலில் ஆவி கிளம்பிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

பிறகு கம்பி பிரஷ்ஷால் பாசி, பழைய சுண்ணாம்புத் தூள் எல்லாம் போகத் தேய்த்துக் கழுவுங்கள். முடி இழை போன்ற விரிசலுக்கு வெளிப்புற நிரப்பி, கொஞ்சம் அகலமான விரிசலுக்கு வலைத்துணி பதித்த நிரப்பி. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை மறக்க வேண்டாம், தண்ணீர் அங்கேதான் இறங்கும்.

முதல் கோட்டைக் கேனில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் கலந்து, இரண்டாவதைத் தண்ணீர் கலக்காமல், முதல் கோட்டுக்குக் குறுக்குவாட்டில் அடியுங்கள். எவ்வளவு வாங்குவது என்பதற்கு எளிய கணக்கு: ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் 1 மி.மீ. ஈரப்படலம். அதில் பாதி திடப்பொருள் என்றால் காய்ந்தபின் 0.5 மி.மீ. “ஒரு லிட்டரில் ஐந்து சதுர மீட்டர் அடிக்கலாம்” என்று கடைக்காரர் சொன்னால், காய்ந்தபின் நிற்பது 0.1 மி.மீ.தான். மிதிபடும் தளத்துக்கு அது காணாது.

சுவருக்கு அடிக்கும் சாதாரண எமல்ஷனைத் தளத்தில் அடிக்க வேண்டாம். தேங்கும் தண்ணீரில் ஊறி ஏடு ஏடாக உரிந்து வரும்.

#6 வெறும்காலன்
சுண்ணாம்பு அடித்தால் போதாதா? செலவு பத்தில் ஒரு பங்குகூட ஆகாதே.

#7 சுண்ணாம்புச்சட்டி
போதும். முதல் சில மாதங்களுக்கு நன்றாகவே வேலை செய்யும். மழை வந்தால் கரையும், ஆண்டுதோறும் திரும்ப அடிக்க வேண்டும், அவ்வளவுதான். பசை கலந்து இரண்டு மூன்று மெல்லிய கோட்டாக அடியுங்கள். ஒரே கோட்டாகத் தடிமனாக அடித்தால் காய்ந்ததும் பொரிந்து காற்றில் பறக்கும்.

சுட்ட சுண்ணாம்பை நீர்க்க வைப்பதாக இருந்தால், தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள்.

வெள்ளை எதுவானாலும் தூசி படிந்தால் பலன் குறையும். கோடை தொடங்கும் முன் ஒருமுறை கழுவிவிடுங்கள். ஈரத்தில் வழுக்கும், நடைபாதைக்கு மட்டும் கொஞ்சம் சன்ன மணல் தூவிக்கொள்ளலாம்.

#8 நிழல்வலை
பெயின்ட்டுக்கு எதிராகச் சொல்லவில்லை. ஆனால் துணி காயப்போடுவதும் ஆள் நடமாட்டமும் உள்ள மாடியில் வெள்ளை சீக்கிரம் அழுக்காகும். 75 சதவீத நிழல்வலை கட்டினால் வெயில் தளத்தைத் தொடும் முன்பே பெரும்பகுதி நின்றுவிடும்.

வலையைத் தளத்தின் மேலேயே விரிப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. வலை சூடாகி அந்தச் சூட்டைத் தளத்துக்கே கொடுக்கும். ஒரு மீட்டராவது உயர்த்திக் கட்டி, நான்கு பக்கமும் காற்று புகுந்து போக விடுங்கள். கைப்பிடிச் சுவர் உயரத்துக்குக் கீழே கட்டினால் காற்று அடைபடும்.

இரண்டாவது பிழை, முடிச்சு. காற்று வலையைப் பாய்மரம் போலத் தூக்கும். வலையின் கண்ணியில் நேரடியாகக் கயிறு கட்டினால் முதல் பெருங்காற்றிலேயே கண்ணி கிழிந்து, கிழிசல் ஓரமாகவே ஓடும். ஓரத்தை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து, நடுவே கயிறு ஓடவிட்டுத் தைத்து, அந்தக் கயிற்றைத்தான் தூணில் கட்ட வேண்டும். ஒரு பக்கம் வளையத்தில் ஓடும்படி வைத்தால் மாலையில் சுருட்டிவிடலாம். இரவில் தளம் வானத்தைப் பார்த்திருந்தால் சீக்கிரம் ஆறும்.

#9 கணக்குப்பிள்ளை
மாடியில் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தளக்கணக்கு மேலே கொடுத்த எண்ணை வைத்தே பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சதுர மீட்டருக்கு 0.9 யூனிட் என்றால் ஏறத்தாழ 1.3 லிட்டர். 12 சதுர மீட்டருக்கு 16 லிட்டர்! ஒரு வாளி.

#10 தளக்கணக்கு
கணக்கு சரி, வாளிதான் பொய். ஊத்துற தண்ணில முக்கால்வாசி வடிகுழாய் வழியா ஓடிடும். ஆவியானாத்தான் வெப்பம் போகும், ஓடுற தண்ணி எடுத்துட்டுப் போறது கொஞ்சம்தான். அதனால சணல் சாக்கை விரிச்சு அதை நனைங்க. சாக்கு தண்ணியைப் பிடிச்சு வச்சு மெதுவா ஆவியாக்கும்.

நேரமும் முக்கியம். நடுப்பகல்ல நனைச்சா விழுற வெயிலோட மல்லுக்கட்டணும், மணிக்கு மணி ஊத்திக்கிட்டே இருக்கணும். வெயில் தாழ்ந்த பிறகு நனைச்சா ஏற்கெனவே பிடிச்சு வச்ச சூட்டை மட்டும் இறக்கினாப் போதும். ஆறு மணிக்கு ஒரு தடவை, எட்டு மணிக்கு ஒரு தடவை.

விரிசல் உள்ள தளத்துல இதைச் செய்யவே கூடாது. தண்ணி கம்பிக்கு இறங்கி, கம்பி துருப்பிடிச்சு ஊதி, சீலிங் பூச்சு பெயர்ந்து தலையில விழும். காலையில சாக்கைத் தூக்கி வெயில்ல போட்டுடுங்க, இல்லைன்னா அடியில கொசு.

#11 மேல்மாடி
நன்றி. தகர ஷெட் ஒன்றும் பக்கத்தில் இருக்கிறது. அதற்கும் இதே வழியா?

#12 சுண்ணாம்புச்சட்டி
தகரத்தின் குணமே வேறு. அதற்குச் சேமிக்கும் திராணி இல்லை. பத்து நிமிடத்தில் ஏறும், சூரியன் மறைந்ததும் அதே வேகத்தில் இறங்கும். தொல்லையெல்லாம் பகலில்தான். மேலே வெள்ளை, கீழே ஒரு பளபளப்பான அலுமினியத் தாள். ஆனால் தாளுக்கும் தகரத்துக்கும் நடுவே இரண்டு மூன்று செ.மீ. காற்று இடைவெளி கட்டாயம் வேண்டும். தகரத்தோடு ஒட்டிவிட்டால் தாள் வெறும் உலோகம், சூட்டை அப்படியே கடத்தும். பளபளக்கும் பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து சில மாதங்களில் பயனற்றுப்போகும்.

#13 நிழல்வலை
சேர்த்து ஒன்று. பின்னாளில் தளத்துக்கு நிரந்தர வேலை செய்யும் எண்ணம் இருந்தால் 5 செ.மீ. எக்ஸ்பிஎஸ் போர்டு (வெப்பத்தைத் தடுக்கும் கெட்டி நுரைப் பலகை). வெப்பத்துக்கு 15 செ.மீ. கான்கிரீட் கொடுக்கும் தடையைப் போல அது ஏறத்தாழ 16 மடங்கு கொடுக்கும். தளத்துக்கு மேலே போட்டு, அதன்மேல் நீர்புகாப் பூச்சும் தட்டோடும் போட வேண்டும். உள்ளே ஃபால்ஸ் சீலிங்காகப் போட்டால் தளம் மேலே வெந்துகொண்டேதான் இருக்கும். அறைக்கு நல்லது, கட்டடத்துக்கு இல்லை.

#14 மேல்மாடி
தளத்துக்கு வெள்ளை என்று முடிவு செய்துவிட்டேன். மேற்கு ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டிருக்கிறேன், ஆனாலும் திரையைத் தொட்டால் சுடுகிறது.

#15 காற்றுவழி
திரை சுடுவதே பதில். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து திரையில் விழுந்து வெப்பமாக மாறிவிட்டது, இனி அது அறைக்குள்தான் சுற்றும். தடுப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். மூங்கில் தட்டி, கேன்வாஸ், நிழல்வலை, எதுவானாலும் சரி. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டால் இடையில் காற்று ஏறிப் போகும். மேற்கு ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு நீட்டிப் பயனில்லை. மாலை வெயில் தாழ்வாகச் சாய்ந்து, சன்ஷேடுக்கு அடியில் நுழைந்து வரும்.

ஜன்னல் திறப்பதற்கு ஒரே விதி: வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ச்சியா இல்லையா. உள்ளே ஒரு தெர்மாமீட்டர், வெளியே நிழலில் ஒன்று. காலையில் வெளி எண் உள் எண்ணைத் தாண்டும் நிமிடத்தில் எல்லாவற்றையும் மூடுங்கள். மாலையில் திரும்ப இறங்கியதும் திற. “காற்று வரட்டும்” என்று மதியம் 41 டிகிரிக் காற்றை உள்ளே அழைத்தால் சுவரும் கட்டிலும் மெத்தையும் அதைக் குடித்துவைத்து இரவில் உமிழும்.

இரவில் வடக்கு ஜன்னல் வழியே காற்று வரட்டும், மேற்கு ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே தள்ளட்டும். 12 அங்குல எக்ஸாஸ்ட் மணிக்கு ஏறத்தாழ 1,000 கன மீட்டர் இழுக்கும் என்று வையுங்கள். வெளிக்காற்று 5 டிகிரி குளிர்ந்திருந்தால் அது மணிக்கு 1.7 யூனிட் வெப்பத்தை வெளியேற்றும். தளத்தில் இருப்பது 10.8 யூனிட். ஆறு மணி நேரத்துக்கு மேல். படுக்கும் முன் அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு “ஒன்றும் ஆகவில்லை” என்பவர்கள் இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

#16 பேரிங்
ஃபேன் ஆளு நான். அனல் இறங்குதுன்னா ஃபேனைக் குறை சொல்லாதீங்க, அது சீலிங்ல தொட்டுக்கிட்டு நிக்கிற சூட்டுக் காற்றைத்தான் கீழே தள்ளுது. மேசை ஃபேனைத் தரையில, வடக்கு ஜன்னல் பக்கம் வச்சுப் படுக்கைக்குத் திருப்பிப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

சீலிங் ஃபேன் போன வருஷத்தைவிட மெதுவாச் சுத்துதுன்னா முதல் சந்தேகம் கெப்பாசிட்டர். 1200 மி.மீ. ஃபேனுக்குப் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். சூட்டுல காய்ஞ்சு 1.5க்கு இறங்கினா ஃபேன் சுத்தும், காத்து வராது. மெயினை அணைச்சு, பழசோட ரெண்டு முனையையும் இன்சுலேட்டட் ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ணிட்டுக் கழட்டுங்க. அதே மைக்ரோஃபாரட்தான் போடணும். கூட்டிப் போட்டா வேகம் வரும்னு 4 போடுறவங்க இருக்காங்க, வைண்டிங் வெந்துடும்.

#17 வெறும்காலன்
40 டிகிரிக்கு மேல் ஃபேனே போடக்கூடாது என்கிறார்களே?

#18 ஈரக்குமிழ்
உலக சுகாதார நிறுவனம் சொல்வது அது: வெப்பநிலை 40க்குக் கீழே இருக்கும்போது மட்டும் மின்விசிறி, அதற்கு மேல் அது உடலைச் சூடாக்கும். தோலின் வெப்பநிலை 35 டிகிரி அளவில். காற்று அதைவிடச் சூடு என்றால், வீசும் காற்று வெப்பத்தை உடலில் ஏற்றுகிறது. அதே காற்றுதான் வியர்வையை ஆவியாக்கி வெப்பத்தை எடுக்கவும் செய்கிறது. இரண்டில் எது ஜெயிக்கிறது என்பதுதான் கேள்வி. வியர்வை குறைவாகச் சுரக்கும் முதியவர்களுக்கு ஃபேன் 40க்கு முன்னதாகவே தோற்கும். கையையும் காலையும் முகத்தையும் அவ்வப்போது நனைத்துக்கொண்டால் அந்தக் குறையை வெளியிலிருந்து ஈடுசெய்யலாம். மூடிய அறை, வறண்ட 42 டிகிரி, நனைக்காத தோல், முழு வேகத்தில் ஃபேன்: இது அடுப்பு ஊதுவது.

#19 மேல்மாடி
கூலர் பற்றி? மதியம் இங்கே ஈரப்பதம் 20 சதவீதம்தான், இரவில் 50.

#20 ஈரக்குமிழ்
கூலருக்குத் தேவையான எண் ஈரக்குமிழ் வெப்பநிலை. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டரில் காற்று படும்போது அது காட்டுவது. 42 டிகிரி, 20 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 24. நல்ல தேன்கூட்டு பேட் இந்த இடைவெளியில் 80 சதவீதத்தைக் கடக்கும். 18இல் 80 சதவீதம் 14.4. ஆக வெளியே வருவது 27.6 டிகிரிக் காற்று. அருமை.

அதுவே 35 டிகிரி, 60 சதவீதம் ஈரப்பதம் என்றால் ஈரக்குமிழ் 28.5. வெளியே வருவது 30 டிகிரி, சொட்டச் சொட்ட ஈரம். வியர்வை காயாது. கூலர் ஊரைப் பார்த்தல்ல, அந்த நேரத்து ஈரப்பதத்தைப் பார்த்துப் போட வேண்டியது.

கூலரை அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலை ஏசி போல மூடுவதுதான் பாதிப் புகார்களுக்குக் காரணம். உள்ளே விட்ட காற்று வெளியேற வழி வேண்டும், இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் ஈரக்குளியல். கூலரின் முதுகு வெளிக்காற்றைப் பார்த்திருக்கட்டும். மணிக்கு 2,500 கன மீட்டர் தள்ளும் கூலருக்கு எதிர்ப்பக்கம் 60க்கு 60 செ.மீ. திறப்பு வேண்டும்.

தண்ணீர்: மேலே சொன்ன வறண்ட மதியத்தில் அந்தக் கூலர் மணிக்கு 15 லிட்டருக்கு மேல் குடிக்கும். 40 லிட்டர் தொட்டி மூன்று மணி நேரம் தாங்காது. தண்ணீர் தீர்ந்து பம்ப் வெறுமனே ஓடினால் எரியும். மிதவை வால்வு போட்டு நேரடி இணைப்புக் கொடுப்பது நல்லது.

#21 வெறும்காலன்
தொட்டியில் ஐஸ் போட்டால் இன்னும் குளிருமே!

#22 கணக்குப்பிள்ளை
இதற்காகவே காத்திருந்தேன். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 2,430 கிலோஜூல். ஏழு கிலோ ஐஸ் செய்வதை ஒரு லிட்டர் தண்ணீர் செய்துவிடுகிறது. மணிக்கு 16, 17 லிட்டர் ஆவியாக்கும் கூலரில் ஐந்து கிலோ ஐஸ் போடுவது மூன்று நிமிட வேலைக்குச் சமம். அந்த ஐஸை உறையவைத்த ஃப்ரிட்ஜ் தன் முதுகு வழியாக வீட்டுக்குள் விட்ட வெப்பம் தனி.

#23 பேரிங்
பேட்ல வெள்ளையா உப்பு படியுதா? ஆவியாகிறது தண்ணி மட்டும், உப்பு தொட்டியிலேயே நிக்கும். மேல மேல தண்ணி ஊத்த ஊத்தக் குழம்பாயிடும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தொட்டியை முழுசா வடிச்சுடுங்க. பேட் ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் காய்ஞ்சு இருந்தா மேல உள்ள துளைக்குழாய் அடைச்சிருக்கு, ஊசியால குத்தி விடுங்க. காய்ஞ்ச பக்கம் வழியா அனல் அப்படியே உள்ள வரும், பேட் எவ்வளவு புதுசா இருந்தாலும் பிரயோஜனமில்லை.

#24 இரவுப்பணி
வீட்டை நன்றாகவே பேசிவிட்டீர்கள். ஆட்களைப் பற்றியும் கொஞ்சம்.

குடிநீர்: தாகத்துக்குக் காத்திருக்காமல் மணிக்கு ஒரு டம்ளர், நாளுக்கு 2 முதல் 3 லிட்டர். வெயிலில் உடலுழைப்பு என்றால் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர். ஆனால் மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அதை வெப்பத் தாக்குதல் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள்.

அதிகமாக வியர்த்தவருக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. கைப்பிடி அளவெல்லாம் கூடாது. உப்பு கூடினால் ஆபத்து, சர்க்கரை கூடினால் வயிற்றுப்போக்கு. கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டுத் திரும்பக் கலக்குங்கள். இதய, சிறுநீரக நோயாளிகள் எவ்வளவு குடிப்பது என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

நீர் போக்கும் மாத்திரை, சில மனநோய் மருந்துகள், லித்தியம், பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு உடல் வெப்பத்தைச் சமாளிக்கும் திறன் குறையும். தானாக நிறுத்தக் கூடாது, கேட்டுக்கொள்ள வேண்டும்.

#25 மேல்மாடி
வீட்டில் 70 வயதைத் தாண்டியவர் இருக்கிறார். எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

#26 இரவுப்பணி
பேச்சை. களைப்பு, தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, வியர்த்து ஈரமான தோல்: இது வெப்பச் சோர்வு. குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, நனைத்துவிட்டு, கரைசல் கொடுத்தால் அரை மணி நேரத்தில் தேறும். தேறவில்லை என்றால் மருத்துவமனை.

பேச்சு குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறது, தள்ளாடுகிறார், வலிப்பு, மயக்கம்: இது வெப்பத் தாக்கு. உள்ளுடல் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். “வியர்க்கிறதே, அப்படியானால் தாக்கு இல்லை” என்று நினைக்க வேண்டாம். உழைக்கும்போது வரும் தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் இந்த நேரத்தில் குறைத்துக் காட்டும், அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அது வரும்வரை சும்மா இருக்கக் கூடாது. உடைகளைத் தளர்த்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேனைத் திருப்பி விடுங்கள். இளவயதினர், உழைப்பில் விழுந்தவர், தொட்டி இருக்கிறது என்றால் கழுத்துவரை குளிர்நீரில் இறக்கி, தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைப்பது கூடுதல் உதவிதான், அது மட்டும் போதாது. நினைவு தெளிவில்லாதவர் வாயில் ஒரு சொட்டுக்கூட ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போகும். பாராசிட்டமால் வேண்டாம். இது காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரை இதில் வேலை செய்யாது, கல்லீரலுக்குச் சுமை.

#27 மேல்மாடி
மிக்க நன்றி. இந்த ஞாயிறு நண்பர்கள் மூன்று பேர் வருகிறார்கள். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரே நாளில் இரண்டு கோட்டும் முடித்துவிடலாமா?

#28 சுண்ணாம்புச்சட்டி
பத்து மணிக்கு வேண்டாம். 50 டிகிரித் தளத்தில் பெயின்ட் பட்டவுடனே தோல் கட்டும், அடியில் நீர் மாட்டிக்கொண்டு குமிழ் குமிழாக எழும்பும். ரோலரும் இழுக்கும், அடித்த இடமும் அடிக்காத இடமும் சேரும் கோடு தனியாகத் தெரியும். முதல் நாள் மாலை கழுவிக் காயவிடுங்கள். விடிந்ததும் முதல் கோட், எட்டு மணிக்குள் முடியுங்கள். இரண்டாவது அன்று மாலை வெயில் தாழ்ந்தபின். கேனில் போட்டிருக்கும் இடைவெளி நேரம் எப்படியும் அதற்குள் கழிந்துவிடும்.

#29 ஈரக்குமிழ்
ஆட்களுக்கும் அதுதான் நேரம். வெள்ளைத் தளத்தில் குனிந்து நின்றால் வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் அடிக்கும். நிழலில் அளந்த 41ஐ வைத்து முடிவு செய்யாதீர்கள். 1957இல் யாக்லோ, மினார்டு என்ற ஆய்வாளர்கள் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களுக்காக வகுத்த வெப்பக் குறியீடு இன்றும் பயன்படுகிறது: ஈரக்குமிழுக்கு 70 சதவீதம், கறுப்பு உருண்டைக்குள் வைத்த தெர்மாமீட்டருக்கு 20, நிழல் வெப்பநிலைக்கு வெறும் 10. ஈரமும் நேர் வெயிலும்தான் ஆளைச் சாய்க்கும் என்பது அந்தப் பங்கீட்டிலேயே தெரியும்.

வெயில் வேலை பழகாதவர்கள் முதல் நாள் முழு நேரமும் நிற்கக் கூடாது. தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு புதியவர்களுக்குச் சொல்வது முதல் நாள் 20 சதவீத நேரம், பிறகு நாளுக்கு 20 கூட்டிக்கொண்டு போவது. உங்கள் நண்பர்கள் அலுவலக நாற்காலியிலிருந்து நேரே வருகிறவர்கள் என்றால் ஆளுக்கு அரை மணி, மாற்றி மாற்றி. குளிர் கண்ணாடி எல்லோருக்கும் வேண்டும், வெள்ளையின் கூச்சம் கண்ணைப் பறிக்கும்.

#30 மேல்மாடி
சரி, விடியற்காலை. கடைசியாக ஒன்று: வடிகுழாய் வாய் பக்கம் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. அங்கும் அப்படியே அடித்துவிடலாமா?

#31 சுண்ணாம்புச்சட்டி
அடித்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். வலைமூடியைக் கழற்றி, வாயைச் சுற்றி ஒரு அடிக்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, வாயை நோக்கிச் சரிவு வரும்படி சிமென்ட் பூசுங்கள். புதுப் பூச்சு மூன்று நான்கு வாரம் காயாமல் பெயின்ட்டைப் பிடிக்காது. அந்த ஒரு அடியை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தை இந்த ஞாயிறு முடித்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் துணி அடைத்துவிட்டு வேலை செய்யுங்கள், முடித்ததும் துணியை எடுக்க மறக்காதீர்கள்.